பெட்டிக்கு வைத்த பெயர்

பேசில் கொண்டுவந்த பெட்டி உள்ளங்கை அளவுதான் இருந்தது. அதன் பின்புறத்திலிருந்து சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு வயர்களை இழுத்து ஆம்ப்ளிஃபையரின் முதுகில் சொருகினான்.

"அவ்வளவுதானா?" என்றாள் உர்சுலா.

"அவ்வளவுதான்க்கா. ஆம்ப் பழசு, ஆனா கல்லு மாதிரி இருக்கு. ஸ்பீக்கரும் நல்ல சாமான். யாரு வாங்கினது?"

"வீட்டு ஓனருங்க. தூக்க முடியலன்னு விட்டுட்டுப் போயிட்டாங்க."

"அவங்களுக்கு நஷ்டம், உங்களுக்கு லாபம் லா. இனிமே போன்ல தட்டினா இங்க பாடும். வைஃபை பாஸ்வேர்டு சொல்லுங்க."

சொன்னாள். பேசில் தன் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். அவன் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவன். வீடுகளில் ஸ்பீக்கர் பொருத்துவது தொழில். உர்சுலா அந்தக் குழுவில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. தவக்காலப் பாடல்களை வீட்டில் பழக வேண்டும், போனில் சத்தம் போதவில்லை என்று அவனிடம் அவள்தான் கேட்டிருந்தாள்.

"பாட்டு எக்கவுண்ட் இருக்காக்கா? இல்ல புதுசா போடணுமா?"

இருந்தது. சென்ற ஆண்டு கிள்ளானை விட்டு வந்தபோது போன் நம்பரை மாற்றினாள். வங்கியை மாற்றினாள். மகள் சமந்தாவின் பள்ளியை மாற்றினாள். பாட்டுக் கணக்கை மட்டும் மாற்றத் தோன்றவில்லை. அவளும் கணவன் கால்வினும் ஒரே கணக்கைத்தான் பயன்படுத்தினார்கள். தவக்காலத்துக்கென்று பல வருடங்களாக ஒவ்வொன்றாக அவள் சேர்த்த பாடல்கள் அதில் கிடந்தன. வேறெங்கும் இல்லை.

"இருக்கு," என்றாள்.

கடவுச்சொல்லைத் தட்டினாள். கால்வின் அதை மாற்றியிருக்கவில்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்தாள்.

பேசில் ஒரு பாடலைப் போட்டான். கூடம் நிறைந்தது.

"கேளுங்க. பூசையில நிக்கிற மாதிரி இருக்குல்ல?" என்றான். காப்பி வேண்டாம் என்றான். சுங்கை வேயில் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

சனிக்கிழமை பிற்பகல் சமந்தா மறைக்கல்வி வகுப்பில் இருந்தாள். உர்சுலா பாடலைப் போட்டுவிட்டு இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பாடல் பாதியில் நின்றது. வேறொரு பாடல் தொடங்கியது. கல்யாண வீட்டில் ஆடுகிற பாட்டு.

கையைக் கழுவிவிட்டு வந்தாள். போன் மேசையில் கிடந்தது. யாரும் தொடவில்லை. பழைய பாடலுக்கு மாற்றினாள். உள்ளே போவதற்குள் ஆட்டப் பாட்டு திரும்பி வந்தது.

பிறகு சத்தம் கூடியது.

கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. யாரோ விரலால் தள்ளுவது போல. உர்சுலாவின் கண் முதலில் ஜன்னல்களுக்குப் போனது. காரணம் பிறகுதான் புரிந்தது.

கிள்ளான் வீட்டில் கால்வின் முதலில் ஜன்னல்களைச் சாத்துவான். அடுத்து பாட்டைப் போடுவான். சத்தத்தைக் கூட்டுவான். அவள் கத்துவது வெளியே கேட்காது. பக்கத்து வீட்டு ஆன்டி ஒருமுறை அவளை நிறுத்தி, "உங்க வீட்டுல எப்பவும் பாட்டுதான். குடுத்து வச்சவ நீ," என்றாள்.

போனை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள். கூடியது. குறைத்தாள். கூடியது. மறுபடி விரலை வைத்தவள் எடுத்துக்கொண்டாள். ஆனால் தாமதமாகிவிட்டது. இந்தப் பக்கம் ஒரு கை இருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

பேசிலை அழைத்தாள்.

"சொல்லுங்கக்கா. பாட்டு தானா மாறுதா? பக்கத்து வீட்டுக்காரன் வேலையா இருக்கும் லா. கொண்டோல இது சகஜம்."

"பேசில், என் எக்கவுண்ட வேற ஒருத்தரும் வச்சிருந்தா இந்தப் பெட்டி அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். லண்டன்ல உக்காந்துகூட உங்க வீட்டுல பாட்டு போடலாம்."

"வேற என்ன தெரியும்?"

"பாடுதா நிக்குதான்னு தெரியும். வால்யூம் தெரியும். பேரு தெரியும்."

"என்ன பேரு?"

"நான் வச்ச பேருதான். எல்லா கஸ்டமருக்கும் ஏரியாவும் வீட்டு நம்பரும் போட்டு வச்சிடுவேன். இல்லன்னா யாரோட ஸ்பீக்கர் எதுன்னு தெரியாம பக்கத்து வீட்டு பெட்ரூம்ல பாட்டு போட்டுருவோம்." சிரித்தான்.

அவள் திரையைப் பார்த்தாள். இரண்டு பெயர்கள் இருந்தன. பிரிக்பீல்ட்ஸ் பி-11-3ஏ. அதன் கீழே, கால்வின் ஐபோன். இரண்டாவதை வாய்விட்டுப் படித்தாள்.

"யாருக்கா அது?"

"சமந்தாவோட அப்பா."

"அவரு தவறிட்டார்னு…"

"நீங்களா நெனச்சுக்கிட்டீங்க. நான் ஒண்ணும் சொல்லல."

"அக்கா, இப்பவே பேர மாத்துறேன்."

"மாத்தினா அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பெட்டியப் புடுங்கிட்டா?"

"அவர் போன்லேருந்து காணாமப் போயிடும்."

"அப்ப வேணாம். எதையும் தொடாதீங்க."

கால்வினுக்கு லிஃப்ட் பராமரிப்பு வேலை. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரை அவன் ஏறாத கட்டடம் குறைவு. பி என்ற பிளாக்கும் பதினோராம் மாடியும் உள்ள கொண்டோ குடியிருப்புகள் பிரிக்பீல்ட்ஸில் சில உண்டு. சீனர்கள் நாலை விரும்ப மாட்டார்கள் என்று நாலாம் வீட்டுக்கு 3ஏ எண் போட்டவை இன்னும் குறைவு. அவை எவை என்று அவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கம்பெனிச் சட்டையோடு வருகிறவனைக் காவலாளிகளும் கேட்க மாட்டார்கள்.

கடவுச்சொல்லை அவன் ஏன் மாற்றாமல் வைத்திருந்தான் என்பது அப்போது விளங்கியது.

சத்தம் உச்சத்தில் இருந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் ஆம்ப்ளிஃபையரின் பொத்தானை அமுக்கினாள்.

கூடம் அடங்கியது. பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. போனில் பாடல் ஓடிக்கொண்டிருந்தது.

"பேசில், ஆம்ப மட்டும் அணைச்சிட்டேன்."

"அது பெட்டிக்குத் தெரியாதுக்கா. அது பாடிக்கிட்டேதான் இருக்கும்."

"அவனுக்கு?"

"அவருக்கும் தெரியாது. நான் வரட்டுமா? வண்டியத் திருப்புறேன்."

"இங்க வராதீங்க. கோயிலுக்கு வாங்க."

அவள் வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதாகக் கால்வின் நினைக்கட்டும். அடையாள அட்டையை எடுத்தாள். நீதிமன்றம் கொடுத்த பாதுகாப்பு ஆணையை எடுத்தாள். சமந்தாவின் பள்ளிச் சீருடை கொடியில் ஈரமாக இருந்தது. அதையும் பையில் திணித்தாள். இறால் தொட்டியில் கிடந்தது.

லிஃப்டைக் கூப்பிடவில்லை. லிஃப்டை இரண்டு மாடிக்கு நடுவே நிறுத்தத் தெரிந்தவன் அவன். படியில் இறங்கினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கீழே எட்டிப் பார்த்தாள். கார் நிறுத்துமிடம் வழியாகப் பின்கேட்டில் வெளியேறினாள்.

புடவைக் கடைகளின் முன்னே கூட்டமாக இருந்தது. நீல நிறத்தில் எந்தச் சட்டை தெரிந்தாலும் கடைக்குள் ஒதுங்கினாள். அவன் கம்பெனிச் சட்டை நீலம். நடந்துகொண்டே போலீசை அழைத்தாள். ஆணையின் எண்ணைப் படித்தாள். ரோந்து வண்டியை அனுப்புவதாகச் சொன்னார்கள். நீங்கள் வீட்டுக்குப் போக வேண்டாம் என்றார்கள்.

கோயில் மண்டபத்தில் பிள்ளைகள் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். உர்சுலா வாசலிலிருந்து கையைக் காட்டினாள். சமந்தா புத்தகத்தோடு வந்தாள்.

"இன்னும் முடியலம்மா."

"தெரியும். இங்க உக்காரு. என் பக்கத்துல."

சமந்தா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. இந்த முகத்தை முன்பே பார்த்திருக்கிறாள்.

போனில் பாடல் நின்றது. ஓடியது. நின்றது. சத்தத்தைக் காட்டும் கோடு அடிக்குப் போய் உச்சிக்கு வந்தது. மறுபடி அடி. மறுபடி உச்சி.

உர்சுலா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காரில் இருப்பவன் இப்படிச் செய்ய மாட்டான். ஒரு கதவில் காதை வைத்திருப்பவன் செய்வான்.

அவன் 3ஏ வாசலில் நிற்கிறான். உள்ளே சத்தம் இல்லை. வீடு இதுதானா என்று சந்தேகப்படுகிறான்.

ஸ்பீக்கர்போனில் காவல் சாவடிக்கு அழைத்தாள். அய்யாவு எடுத்தார். பகல் நேரக் காவலாளி.

"அங்கிள், பி பிளாக், உர்சுலா பேசுறேன். நீலச் சட்டையில யாராச்சும் மேல போனாங்களா?"

"லிஃப்ட்காரன்தான்மா போனான். கொஞ்சம் முன்னாடி."

"லிஃப்ட் கெட்டுப்போச்சா?"

"இல்லையே. சர்விஸ்னான். பாஸ் காட்டினான்."

"அங்கிள், அவன் என் வீட்டு வாசல்ல நிக்கிறான். அவன் மேல கோர்ட் ஆர்டர் இருக்கு. போலீஸ் வந்துக்கிட்டு இருக்காங்க. தனியா போகாதீங்க. இன்னொரு ஆளையும் கூட்டிட்டுப் போங்க. போன வைக்காதீங்க."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? நீங்க வீட்டுல இல்லையே. பின்கேட்டுல போறத கேமராவுல பாத்தேனே."

"போங்க அங்கிள்."

போனுக்குள் அவருடைய மூச்சு கேட்டது. லிஃப்ட் மணி. காலடிகள். பிறகு அவர் குரல் தள்ளிக் கேட்டது.

"தம்பி, இங்க என்ன வேலை?"

"லிஃப்ட் சர்விஸ் அங்கிள். இந்த மாடியில கதவு சரியா மூடலன்னு கம்ப்ளெய்ன்ட்." அதே குரல். கோயிலில் பெரியவர்களிடம் பேசுகிற குரல். "ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கு. நான் கெளம்பவா? கீழ வண்டிய ரோட்டுல விட்டுட்டு வந்திருக்கேன், பார்க்கிங் சம்மன் போட்டுருவான்."

சமந்தா உர்சுலாவின் கையைப் பிடித்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது.

அய்யாவு போனுக்குத் திரும்பினார். மெதுவாகப் பேசினார். "நல்ல பையனா தெரியுதும்மா. பாஸ்ல கம்பெனி பேருதான் இருக்கு. ஐசி அட்டை கார்ல இருக்குங்கறான். உட்டுடவா?"

"உடாதீங்க. அவன்தான்."

"நீங்க பாக்கலையே. நான் தப்பான ஆளப் புடிச்சு வச்சேன்னா என் வேலை போயிடும்மா. மேனேஜ்மென்ட்ல கேப்பாங்க."

அவள் வாய்ச்சொல்லை மட்டும் கேட்டு யாரும் அதுவரை நம்பியதில்லை. மருத்துவர் எக்ஸ்ரே கேட்டார். நீதிமன்றம் மருத்துவரைக் கேட்டது.

திரையில் இரண்டு பெயர்களும் இருந்தன.

கால்வின் ஐபோன் என்ற பெயரின் மேல் விரலைக் கொண்டுபோனாள். தொட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும். அவள் வீட்டில் இல்லை என்பதும், பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதும். விரல் திரையில் படாமல் அங்கேயே நின்றது.

"அங்கிள், அவன் பக்கத்துல நில்லுங்க. இப்ப அவன் போன்ல பாட்டு வரும். தவக்காலப் பாட்டு. நான் போடுறேன்."

தொட்டாள். சத்தத்தை உச்சிக்குத் தள்ளினாள்.

ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. பதினோராம் மாடி நடைவழியில், ஒரு பாக்கெட்டுக்குள்ளிருந்து, அவள் சேர்த்து வைத்த பாடல். சுவர்களில் பட்டு வந்தது. அவன் தடவித் தேடி எடுத்து நிறுத்தினான். அவள் மறுபடி போட்டாள். நிறுத்தினான். போட்டாள்.

"அட," என்றார் அய்யாவு. பிறகு வேறு குரலில், "தம்பி, நீ இங்கயே நில்லு. டேய், லிஃப்ட நீ மறிச்சுக்க."

காலடிகள் நெருங்கின. போனுக்கு வெகு அருகில் கால்வின் பேசினான். கோபம் இல்லை.

"உர்சு. அழகான வீடுதான் பாத்திருக்க."

அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை. துண்டித்தால் அய்யாவு தனியாகிவிடுவார் என்று தோன்றியது. யாரோ யாரையோ தள்ளுகிற சத்தம். சாவிக்கொத்து தரையில் விழுந்தது. லிஃப்ட் மணி ஒலித்தது. ஏறியது யார், இறங்கியது யார் என்று தெரியவில்லை.

மலாயில் ஒரு புதிய குரல் அடையாள அட்டையைக் கேட்டது. இன்னொரு குரல் கைகளைக் காட்டச் சொன்னது.

"போலீஸ் வந்துட்டாங்கம்மா," என்றார் அய்யாவு. அவருக்கு மூச்சு வாங்கியது. "கூட்டிட்டுப் போறாங்க. உங்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்றாங்க."

"உங்களுக்கு அடி பட்டுச்சா?"

"வயசான ஒடம்பு, சுவத்துல மோதினா கொஞ்சம் வலிக்கும். நீங்க வாங்க."

போனை மடியில் வைத்தாள். பேசிலின் வேன் கோயில் வாசலில் வந்து நின்றது. அவன் இறங்கி, அருகில் வரத் தயங்கி, வேன் பக்கத்திலேயே நின்றான்.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் ஓடிவந்தார்கள். சமந்தா பையைத் திறந்து பார்த்தாள். ஈரச் சீருடை.

"அப்பாவப் புடிச்சிட்டாங்கள்ல?"

"ம்."

"எத்தன நாளைக்கு?"

"தெரியல."

சமந்தா சீருடையை வெளியே எடுத்து உதறினாள். மடியில் விரித்து மடித்தாள்.

"அப்ப இன்னைக்கு வீட்டுக்குப் போலாமா?"

"இல்ல. துணிமணி எடுக்கத்தான் போவோம். போலீஸோட," என்றாள் உர்சுலா. "வேற வீடு பாக்கணும்."