ஒட்கேர் கொண்டுவந்த ஜாடி

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை எட்டிப் பார்த்ததால் கிடைத்தது. வோஸ் என்ற இந்த மலையூரில் பதினெட்டு வருஷமாக நான் ஹால்டிஸின் பக்கத்து வீட்டுக்காரன். அவள் பீர் காய்ச்சினால் விறகு சுமக்கப் போவேன். விறகு ஒரு சாக்குதான்.

2

முதல் வரியை இப்படி எழுதினேன்: 'ஒட்கேர் நல்ல மனிதர். அண்ணன் மனைவிக்கு உதவ ஒரு ஜாடி ஈஸ்ட்டோடு'

(அங்கேயே நிறுத்திவிட்டேன். நல்ல மனிதர் என்று எனக்கு யார் சொன்னது?)

நடந்ததைச் சொல்கிறேன். ஹால்டிஸ் மகளுக்குக் கல்யாணம். மூன்று வாரம் இருந்தது. விருந்துக்கு, இரண்டு கோப்பையில் ஆளைச் சாய்க்கும் பீர் வேண்டும். தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்து அவள் முப்பது வருஷம் காப்பாற்றிய ஈஸ்ட், கோடையில் ஃப்ரீசர் பழுதாகிச் செத்துவிட்டது. கடையில் பாக்கெட் வாங்கினாள். அத்தனை கெட்டியான பார்லிச் சாற்றில் அது பாதியில் படுத்துவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

சாறு ஆறிக்கொண்டிருந்தபோது ஒட்கேர் வந்தார். போன வருஷம் இறந்துபோன அவள் கணவன் லெய்டுல்வின் தம்பி. நிலத்தகராறில் அண்ணனும் தம்பியும் பதினோரு வருஷம் பேசவில்லை. கல்யாணத்துக்கும் அவருக்கு அழைப்பில்லை.

"உன் ஈஸ்ட் போயிடுச்சாமே. இதைப் போடு."

"யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது."

ஹால்டிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். (ஆமாம், ரொட்டிக்கடையில் நான்தான் உளறினேன்.)

3

அவள் யாரையும் நம்புகிறவள் இல்லை. இரண்டு கண்ணாடி டம்ளரில் வெதுவெதுப்பான சாறு ஊற்றினாள். ஒன்றில் பாக்கெட், ஒன்றில் ஜாடி. அரைமணி நேரம் மூவரும் டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாக்கெட் டம்ளரில் நாலைந்து குமிழி. மற்றதில் நுரை பொங்கி விளிம்பைத் தொட்டது. ஹால்டிஸ் குனிந்து மோந்தாள். ஆரஞ்சுத் தோல் வாசனை. அவள் முகம் வெளுத்தது.

"இது என்னோடது. எப்போ திருடினே?"

"திருடல. லெய்டுல்வ் கொடுத்தான்."

"அவன் உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டானே!"

"முழிக்கலதான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முன்னாடி படகுக் கொட்டகையில ஒரு ஜாடி வச்சிட்டுப் போவான். நான் எடுத்துட்டுப் போய் பீர் காய்ச்சுவேன்."

"செத்தவன் வந்து சாட்சி சொல்ல மாட்டான்னு தைரியம்."

ஒட்கேர் ஜாடியின் மூடியைத் திருகி மேசைமேல் வைத்தார்.

(இங்கே அவர் கண்ணில் ஒரு துளி நீர் வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். நான் பார்க்கவில்லை.)

4

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் ஜாடியைச் சுவரில் அடிக்கிறாள். இன்னொன்றில் மன்னிக்கிறாள், அது எனக்கே பொய்யாகப் பட்டது. மூன்றாவதில் படகுக் கொட்டகையில் லெய்டுல்வின் கையெழுத்தோடு ஒரு ஜாடி. மலிவான வேலை.

உண்மையில் அவள் எங்கள் இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு கூச்சல். ஈஸ்ட்டை ஊற்றும்போது இங்கே அப்படித்தான் கத்துவார்கள், பீர் முறுக்கேற. எதை ஊற்றினாள்?

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கல்யாணத்துக்கு வா," என்றாள் ஒட்கேரிடம். "முதல் கோப்பை உனக்கு. எல்லார் முன்னாடியும் குடிச்சிட்டு, நான் போட்டது ஜாடியா பாக்கெட்டான்னு சொல்லு. பதினோரு வருஷம் குடிச்சவனுக்குத் தெரியாமலா போகும்?"

அவர் வந்தார். குடித்தார். சொன்னார். சரிதான் என்று ஹால்டிஸ் தலையசைத்தாள்.

அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அதை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்துவிட்டேன். ரொட்டிக்கடையில் உளறியவன் நான். இந்த ஒரு சொல்லையாவது வைத்துக்கொள்கிறேன். நீங்கள் அந்த மனிதரை நம்பினீர்களா? அப்படியானால் அவள் எதை ஊற்றினாள், அது என்ன சொல் என்று உங்களுக்கே தெரியும்.