சீனியோடு திரும்பி வந்த பானைகள்

எண்பத்தைந்தாம் வருஷம் போகியன்று காலையில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்சந்தில் சீதாலெட்சுமி போட்ட சத்தத்தில், தண்டவாளத்தில் நின்ற கூட்ஸ் வண்டியே ஓரடி பின்னால் போயிருக்கும் என்று ரெங்கசாமி ரொம்ப நாள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். காணாமல் போனது அவளுடைய இட்லிப் பானை. பொங்கலுக்காக வீட்டிலிருந்த பாத்திரத்தையெல்லாம் சந்தில் போட்டுத் தேய்ப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அப்படித் தேய்க்க எடுத்து வைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் பானையைக் காணோம். இரண்டு வீடு தள்ளி ஜெயராஜின் சோற்றுக் குண்டானும் போயிருந்தது.

"என் கல்யாணத்துக்கு எங்கப்பா பேர் வெட்டிக் கொடுத்த பானைலா அது! எடுத்தவன் கை விளங்காமப் போக!"

"கை விளங்காமப் போனா பானைய எப்படித் தூக்கிட்டு வந்து திருப்பிக் கொடுப்பான்?" என்றார் ரெங்கசாமி, வேலைக்குக் கிளம்பிக்கொண்டே.

"நீங்க சும்மா இருங்கண்ணே! உங்க வீட்டுப் பானை போயிருந்தா தெரியும்."

ரெங்கசாமியின் மனைவி புஷ்பவல்லி பின்கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. காணாமல் போவது என்பது அவளுக்கு வேடிக்கையான சங்கதி இல்லை.

ஜெயராஜ் போலீஸில் போய் எழுதிக் கொடுத்தார். பானைக்காகவா வந்தாய் என்று கேட்டார்களாம். அதோடு சரி.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை புஷ்பவல்லி கிள்ளானுக்கு அம்மாவைப் பார்க்கப் போனாள். பஸ் ஏறும்போதெல்லாம் அவள் கண் தானாக ஒவ்வொரு பெண்ணின் முகத்திலும் போய் விழும். ஏழு வருஷமாக அதுவே பழக்கம். அவள் தங்கை ரமணி, கல்யாணத்துக்குத் தேதி குறித்த வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். திரும்பவில்லை. போட்டிருந்த பாவாடை தாவணியோடு போனாள். வீட்டிலிருந்து ஒரு ஊசிகூட எடுக்கவில்லை. பேப்பரில் படம் போட்டார்கள். ஆற்றில் ஆள் விட்டுத் தேடினார்கள். கடத்திக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள் சிலர். சயாமுக்கு விற்றுவிட்டார்கள் என்றார்கள் சிலர். துறைமுகத்தில் கூலியாட்களை மேய்க்கும் மண்டோராக இருந்த அப்பா மட்டும், "எவனோடயோ ஓடிட்டா. நான் தலை முழுகிட்டேன்," என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டு, சொன்னபடியே கிணற்றடியில் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அவர் காலமாகி இரண்டு வருஷமாகிறது. அம்மா தனலெட்சுமி அன்றும் ஒன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்வதில்லை. ஆனால் விளக்கு வைத்த பிறகும் வாசல் கதவைச் சாத்த விடமாட்டாள். கொசு பிய்த்தெடுக்கும். "காத்து வரட்டும்," என்பாள்.

அன்றைக்குப் போன இடத்திலும் பானைக் கதைதான்.

"நம்ம மாரியம்மன் கோயில் பொங்கப் பானை போகியன்னிக்குக் காணாமப் போச்சுடி. பூசாரி பொண்டாட்டி தேய்க்கிறதுக்கு வெளியே வச்சிருக்கா. கடைசியில அலுமினியச் சட்டியில பொங்கினாங்க."

"போகியன்னிக்கா?"

"ஆமா. ஏன்?"

"எங்க சந்துலயும் போச்சும்மா. அன்னிக்கேதான்."

பிரிக்பீல்ட்ஸ் எங்கே, கிள்ளான் எங்கே. இரண்டு ஊரிலும் ஒரே நாளில் பானை திருடுபவன் எப்படிப்பட்ட திருடன் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தாள்.

அடுத்த வாரம் விடிந்தும் விடியாமலும் சீதாலெட்சுமி மறுபடி கத்தினாள். இட்லிப் பானை திரும்பி வந்திருந்தது. பின்வாசலில், பளபளவென்று தேய்த்து, துணி போட்டு மூடி வைத்திருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு கை வெள்ளைப் பொடி. அதன் மேல் முடிச்சுப் போட்ட ஒரு பச்சை இலை.

"செய்வினைலா இது! சத்தியமா செய்வினை! முடிச்சுப் போட்டு வச்சிருக்கான் பாருங்க!"

புஷ்பவல்லி போய்ச் சேர்வதற்குள், சீதாலெட்சுமி இலையை விளக்குமாற்றால் தள்ளிச் சாக்கடையில் விட்டுவிட்டு, பானைக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, எலுமிச்சம்பழம் ஒன்றை நறுக்கி இரண்டு பக்கமும் எறிந்திருந்தாள். அவள் புருஷன் மட்டும் அந்தப் பொடியில் விரலை வைத்து நக்கிப் பார்த்துவிட்டு, "சீனிதான். தேத்தண்ணிக்கு ஆகும்," என்றார். அதற்கும் திட்டு வாங்கினார். ஜெயராஜின் குண்டானும் அப்படியே வந்திருந்தது. அவர் வீட்டிலும் இலை சாக்கடைக்குத்தான் போனது.

கிள்ளானில் கதை வேறு மாதிரி. கோயில் பானை திரும்பி வந்ததும், "அம்பாளே சீனி போட்டு அனுப்பியிருக்கா," என்று சொல்லி, பூசாரி அதை எல்லாருக்கும் பிரசாதமாகக் கொடுத்துவிட்டார். இலையை அம்மன் காலடியில் ஒரு தட்டில் வைத்திருந்தார். அந்த ஞாயிறு புஷ்பவல்லி வரிசையில் நின்று, முறை வந்ததும் தட்டைப் பார்த்தாள்.

பாண்டான் இலை. சோற்றில் வாசனைக்குப் போடும் அதே இலை. நடுவில் ஒற்றை முடிச்சு.

பூசாரி திருநீற்றை நீட்டிக்கொண்டே இருந்தார்.

வாங்கிய பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாது என்று எல்லா வீட்டிலும்தான் சொல்வார்கள். ஒரு கை சீனி, இரண்டு பழம், கொஞ்சம் அரிசி, எதையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். ஆனால் சீனியின் மேல் பாண்டான் இலையை முடிந்து வைப்பது அவள் அம்மா மட்டும் செய்வது. சீனி மணக்கட்டும் என்பாள். சின்ன வயதில் அந்த இலையை முடிவது ரமணியின் வேலை. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பது புஷ்பவல்லியின் வேலை.

திருடியவன் பானையைத் தேய்ப்பானா? பேர் பார்த்து வீடு தேடி வைப்பானா? எடுத்தது ஒருவர், திருப்பி அனுப்புவது வேறொருவர் என்று அங்கேயே, அம்மன் முன்னாலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அம்மாவிடம் சொல்லவில்லை. ஏமாந்து போனால் அந்தக் கிழவி தாங்கமாட்டாள்.

வீட்டுக்கு வந்து, சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"இந்தச் சந்துக்கு யார் யாரும்மா வந்து போறாங்க?"

"ரொட்டிக்கார பாய் வருவார். மீன்காரன் வருவான். மாசத்துக்கு ரெண்டு தடவை பேப்பர் லாமா தம்பி வருவான்."

பழைய பேப்பர், பழைய இரும்பு எடுக்கும் லோரி. "பேப்பர் லாமா! பெசி புரோக்!" என்று கத்திக்கொண்டு வருவது. பிரிக்பீல்ட்ஸ் சந்துக்கும் செவ்வாய்க்கிழமைகளில் அப்படி ஒன்று வருகிறது.

"நல்ல பையன்டி," அம்மா தானாகவே தொடர்ந்தாள். "ஆன்டி சாப்பிட்டீங்களா, ஆன்டி கால் வலி எப்படி இருக்குன்னு நின்னு கேட்டுட்டுத்தான் போவான். உங்கப்பா செத்தப்பகூட லோரிய நிறுத்திட்டுச் சுடுகாடு வரைக்கும் வந்தான், பாவம்."

"பேப்பர் எடுக்க வரவனுக்கு உன் கால் வலி எதுக்கும்மா?"

"மனுசன்னா கேக்கமாட்டானா? உன் வீட்டுக்காரர் கேக்கிறாரா?"

புஷ்பவல்லி தன் வீட்டுப் பின்சந்தை நினைத்துப் பார்த்தாள். போகியன்று எல்லா வீட்டிலும் பழைய பாய், ஓட்டை வாளி, துருப்பிடித்த டின் என்று கழித்ததையெல்லாம் பின்சந்தில் எறிந்திருந்தார்கள். அதன் பக்கத்திலேயே, கரிபிடித்த பானைகளைத் தேய்க்க வைத்திருந்தார்கள். அவசரத்தில் அள்ளுகிறவனுக்கு எது குப்பை, எது பானை என்று எப்படித் தெரியும்?

அடுத்த செவ்வாய்க்கிழமை புஷ்பவல்லி பேப்பர் கட்டைப் பின்வாசலில் வைத்தாள். அதன் மேல் தூக்குச்சட்டி ஒன்றை வைத்தாள். அவள் கல்யாணமாகி வரும்போது அம்மா கொடுத்தது. மூடியில் ‘தனலெட்சுமி’ என்று பேர் வெட்டியிருக்கும். உள்ளே ஒரு கை சீனி போட்டு, மேலே பாண்டான் இலை ஒன்றை முடிந்து வைத்தாள். முடிச்சு சரியாக விழவில்லை. அது என்றைக்கும் அவளுக்கு வராது.

"எறும்புக்கு விருந்தா?" என்றார் ரெங்கசாமி. அன்றைக்கு அவருக்கு மதிய ஷிப்ட்.

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்க."

சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். லோரி வந்தது. நெற்றியில் துண்டு கட்டிய ஒருவன் இறங்கினான், நாற்பது இருக்காது. பேப்பரைத் தொடும் முன் சட்டியைப் பார்த்தான். இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்பதுபோல் அதை நகர்த்தி வைக்கப் போனவன், பேரைப் படித்தான். மூடியைத் திறந்தான். அப்படியே நின்றுவிட்டான். பிறகு வீட்டை நிமிர்ந்து பார்த்தான்.

ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. பிடித்தால் மிரண்டு போவான். அவன் மிரண்டால் ரமணியும் மிரண்டு போவாள். ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் சட்டியைப் பின்னால் இரும்போடு போடவில்லை. முன்சீட்டில், விழாமல் துண்டை அண்டை கொடுத்து வைத்தான். பேப்பரை மறந்துவிட்டு லோரியை எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த செவ்வாய் லோரி வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. பத்துமலைக்குப் போய்த் தைப்பூசம் பார்த்துவிட்டு வந்தாயிற்று. சந்தில் பழைய பேப்பர் குவிந்து கிடந்தது. "பேப்பர் லாமாவும் காணாமப் போயிட்டான்லா!" என்றாள் சீதாலெட்சுமி. புஷ்பவல்லி அடுப்படியில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருந்த ஒரு நூலையும் தானே இழுத்து அறுத்துவிட்டோம் என்று நினைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். லோரி பின்சந்துக்கு வராமல் வீட்டு முன்னால் வந்து நின்றது. முதலில் அவன் இறங்கினான். சட்டை தேய்த்துப் போட்டிருந்தான். பிறகு ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று, தூக்குச்சட்டியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்தபடி குதித்தது. கடைசியாக இறங்கியவள் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். சதை போட்டிருந்தாள். ஆனால் நிற்கிற விதம் மாறவில்லை. ஒரு காலை இன்னொரு கால் மேல் வைத்துக்கொண்டு.

"அக்கா," என்றாள் ரமணி.

புஷ்பவல்லிக்கு வாயில் வந்தது ஒரே ஒரு கேள்விதான். "ஏண்டி இவ்வளவு லேட்டு?"

"சட்டிய விடமாட்டேங்கிறாக்கா. அவளுக்கு இந்த வருஷம்தான் ஸ்கூலு. எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு, என் பேர் போட்டிருக்கு, என் சட்டிதான்னு கட்டிப்பிடிச்சுக்கிட்டுத் தூங்கறா."

"உன் பேர் என்னம்மா?"

"தனலெட்சுமி," என்றது குழந்தை, யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தோடு.

சட்டி ஒரு சாக்குத்தான். அதை ரமணி உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு அவளே சொன்னாள். அப்பா தலை முழுகியது அவள் குடியிருந்த காஜாங்வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. அம்மாவும் சேர்ந்துதான் முழுகியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். புருஷன் பாலனை மாதம் இரண்டு தடவை கிள்ளானுக்கு அனுப்பி, அம்மா நடக்கிறாளா, சிரித்தாளா என்று கேட்டுக்கொள்வதோடு ஏழு வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

"போகியன்னிக்கு இவர் லோரி நிறைய இறக்கறாருக்கா. பார்த்தா கோயில் பானை! நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டார்."

"எல்லாம் கழிச்சுப் போட்டதுன்னு நெனச்சிட்டேங்க்கா," என்றான் பாலன் தலையைச் சொறிந்துகொண்டு. "கையில கொண்டாந்து கொடுக்கலாம்னு பார்த்தா, போலீஸ்ல சொல்லியாச்சுன்னாங்க."

"செய்வினை வச்சவன் நீதானா?" ரெங்கசாமி விழுந்து விழுந்து சிரித்தார். "சீதாலெட்சுமிகிட்ட சொல்லிடாதே. எலுமிச்சம்பழம் எறிவா."

அன்றைக்கே கிள்ளானுக்குக் கிளம்பினார்கள். முன்சீட்டில் பெண்களும் குழந்தையும். பின்னால், பேப்பர் கட்டின் மேல், சிம்மாசனத்தில் உட்கார்ந்ததுபோல் ரெங்கசாமி. வழியெல்லாம் ரமணி, அந்த நாளில் தாவணி முந்தியை முறுக்குவது போல் சேலை முந்தியை முறுக்கிக்கொண்டே வந்தாள்.

லோரிச் சத்தம் கேட்டு அம்மா வாசலுக்கு வந்தாள்.

"இன்னைக்குப் பேப்பர் இல்லையே தம்பி. ஞாயித்துக்கிழமை எதுக்கு வந்தே?"

"எடுக்க வரல ஆன்டி," என்றான் பாலன். "திருப்பிக் கொடுக்க வந்தேன்."

ரமணி இறங்கினாள். அம்மா அவளைப் பார்த்தாள். முகத்தை, கையை, காலை, கூட நின்ற குழந்தையை. என்ன செய்வது என்று தெரியாமல் குழந்தை சட்டியை நீட்டியது. அம்மா வாங்கி மூடியைத் திறந்து பார்த்தாள்.

"ஏண்டி ரமணி, காலிப் பாத்திரத்தையா கொண்டு வருவே? இதுதான் நான் சொல்லிக் கொடுத்தேனா?"

"சீனிய நான் தின்னுட்டேன் பாட்டி," என்றது குழந்தை.

ரமணி வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அம்மா அழவில்லை. அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே பாலனைப் பார்த்து, "உள்ளே வா தம்பி. இனிமே ஆன்டின்னு கூப்பிடாதே, அத்தைன்னு கூப்பிடு," என்றாள்.

கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். சோற்றுக்குப் பாண்டான் இலையை ரமணிதான் முடிந்து போட்டாள். விளக்கு வைத்தார்கள். எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அம்மா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"காத்து வரட்டுமேம்மா," என்றாள் புஷ்பவல்லி.

"பிள்ளைய கொசு கடிக்குதுடி," என்றாள் அம்மா.