ருசி பார்க்க ஆளில்லாத கொழுக்கட்டை

எங்கள் பேகம்பூர் முக்கில் மரியசெல்வம் அக்கா போடும் வெல்லப் பிடி கொழுக்கட்டைக்குச் சாயங்காலமானால் கூட்டம் மொய்க்கும். பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் எனக்கு அங்கே ஒரு பதவி உண்டு. பிசைந்த மாவில் ஒரு துணுக்கு வாயில் போட்டு, "சரி" என்று சொல்ல வேண்டும். நான் தலையாட்டாமல் அக்கா அடுப்பில் ஏற்றமாட்டாள்.

இந்த வருசம் என் ரம்ஜான் நோன்பும் அவளுடைய தவக்காலமும் ஒன்றாக வந்துவிட்டன. ஈஸ்டர் வரை இனிப்பைத் தொடமாட்டேன் என்று அவள் நேர்ந்திருக்கிறாள். நாக்கு நுனியில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது என்பார்கள். கொழுக்கட்டை விசயத்தில் என் நாக்கை நான் நம்பமாட்டேன்.

அன்றைக்கு மாப்பிள்ளை ஃபயாஸ், கல்யாணத்துக்குப் பிறகு வரும் முதல் நோன்பு விருந்துக்கு என் மகளோடு பழனியிலிருந்து வந்திருந்தார். தங்கமான பையன். ஆனால் என் வீட்டில் எதை வைத்தாலும் "நல்லா இருக்கு, போதும் மாமி"தான். பிடிக்கவில்லையா, கூச்சமா, ஒன்றும் புரியாது. மகள் பர்ஹானாவைக் கேட்டால் சிரிக்கிறாள். பெண்ணைக் கொடுத்தவளுக்கு இது பெரிய மனக்குறை. கொழுக்கட்டையாவது அவரை நம் வீட்டு ஆளாக்காதா என்றிருந்தது.

அக்கா மாவைப் பிசைந்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உப்புப் போட்டாளோ என்னவோ என்று நானே ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுப் பிசைந்தேன். வெந்ததும் சுடச்சுட வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், கஞ்சி, பிறகு கொழுக்கட்டை. மாப்பிள்ளை ஒரு கடி கடித்தார். தாடை அப்படியே நின்றது. விழுங்கினார்.

"நல்லா இருக்கு மாமி" என்று சொல்லிவிட்டுச் சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தார்.

நான் கடித்தேன். ஒரே கரிப்பு! எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"இதவா நல்லா இருக்குங்கிறீங்க? வாய் விட்டுச் சொல்லக்கூடாதா மாப்ளே? நாங்க என்ன அம்புட்டு அன்னியமா?"

அவர் பர்ஹானாவைப் பார்த்தார். பிறகு என்னை.

"மெய்யாவே சொல்லவா மாமி? இதுல உப்பு கரிக்குது. கஞ்சியில உப்பே இல்ல."

கஞ்சியையும் நான்தானே ருசி பாராமல் காய்ச்சினேன்! பரிமாறும் அவசரத்தில் நான் இன்னும் அதைக் குடிக்கவுமில்லை. பர்ஹானா சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

மாப்பிள்ளையையே கடைக்குக் கூட்டிப் போனேன். "அடிப்பாவி, நான்தான் உப்புப் போட்டேனே!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு, புதிதாக மாவு பிசைந்து அவர் கையில் ஒரு துணுக்கு வைத்தாள்.

"வெல்லம் இன்னுங் கொஞ்சம் போடலாங்க்கா" என்றார் அவர், யோசிக்காமல்.

சட்டியைத் திறந்தபோது ஏலக்காய் வாசனை தெருவுக்கே வந்தது. அக்காவின் விரல் பதிந்த கொழுக்கட்டையை இலையில் வாங்கி, ஊதி ஊதி, நின்றபடியே தின்றோம். தேங்காய்ப் பல் நறுக்கென்று கடிபட, வெல்லம் நாக்கில் கரைந்தது. பகல் முழுக்கக் காய்ந்த வயிறு குளிர்ந்தது. அக்கா மட்டும் எங்களைப் பார்த்து எச்சில் விழுங்கினாள்.

இலை காலியானதும் மாப்பிள்ளை அதை என்னிடம் நீட்டினார்.

"இன்னொண்ணு வைங்க மாமி."

கல்யாணமாகி இத்தனை மாசத்தில் அவர் என்னிடம் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. நான் இரண்டு வைத்தேன்.