பழ வாசனை

…வரும் வழியில் வாழைப்பழம் தின்றிருப்பாள், அவ்வளவுதான் இருக்கும், ஆனால் இடுப்பில் அளவு நாடாவைச் சுற்றும்போது இலக்கியாவின் மூச்சில் மறுபடியும் அதே வாசனை, கனிந்து அழுகத் தொடங்கிய பழம் போல, அமுதவல்லியின் விரல்கள் நின்றுவிட்டன. "ரெண்டு பக்கமும் புடிச்சுக் குடுங்கக்கா, எல்லாமே லூசாயிருச்சுங்க," என்று அந்தப் பக்கத்துத் தெருப் பெண் சிரித்தாள். சௌமியாவும் இப்படித்தான் சிரித்தாள், இரண்டு வருடத்துக்கு முன்பு, இதே தையல் கடையில், "அம்மா, எனக்கும் இடுப்பு வந்துருச்சு பாரு" என்று… பெற்ற மகளுக்கு எத்தனை சுடிதார் இடுப்பில் பிடித்துத் தைத்தேன், நாலா, ஐந்தா, எவ்வளவு பெருமையாகப் பிடித்தேன், கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாளே, அதையும் ஆட்டையாம்பட்டி வெயில் என்றுதானே… "சாப்பிட்ட சர்க்கரை ரத்தத்துலயே தேங்கிருச்சும்மா, இன்சுலின் இல்லாம உடம்பால அதை எடுத்துக்க முடியல, பட்டினின்னு நெனச்சு சேத்து வச்ச கொழுப்பை எரிச்சிருக்கு, அதுல வர்ற கீட்டோன்தான் இந்த வாசனை, ரத்தமே அமிலமாயிருச்சு," என்று சேலத்து டாக்டர் சொன்னபோது சௌமியாவின் கண்கள் மூடியிருந்தன, பிறகு திறக்கவேயில்லை. பத்தொன்பது வயது. தின்னத் தின்னப் பட்டினி. அவள் உள்ளே எரிந்துகொண்டிருந்தாள், நான் வெளியே தையல் போட்டுக்கொண்டிருந்தேன், வீட்டுக்காரருக்குச் சுகர் பார்க்கிற மெஷின் அலமாரியிலேயே இருந்தது, ஒரு சொட்டு ரத்தம், ஒரே ஒரு சொட்டு…

"ஏனுங்கக்கா, அப்படியே நின்னுட்டீங்க?"

"சாமி, தாகம் ரொம்ப எடுக்குதா?"

"இல்லீங்களே."

"சோறு திங்கறியா?"

"ஒன்றரை மாசமா சோத்தத் தொடறதில்லீங்க, முட்டையும் பன்னீருந்தான். வாய் நாறுதுங்களா? கொழுப்பு கரைஞ்சா அப்படித்தான் இருக்கும்னு போன் வீடியோல சொன்னாங்க." கரைகிறதாம், எவ்வளவு லேசாகச் சொல்லுகிறாள்… பின்கட்டுக்குப் போய் மெஷினை எடுத்து வந்து, "கையக் குடு" என்றாள், "ஐயோ, ஊசி வேண்டாங்கக்கா" என்று அவள் பின்வாங்க, மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது, சௌமியா பயப்பட்டிருக்கமாட்டாள், நான் கேட்டிருந்தால் உடனே விரலை நீட்டியிருப்பாள். சொட்டு ஏறியதும் மெஷினில் ஐந்து, நாலு, மூன்று… தொண்ணூற்றிரண்டு.

"பாத்தீங்களா, எனக்கு ஒண்ணுமில்லீங்க," என்று இலக்கியா விரலைச் சூப்பினாள். ஒன்றுமில்லை, இவளே தின்னாமல் இளைத்தது, இது வேறு, அது வேறு, நிம்மதி வரவேண்டும், வந்தது, கூடவே வேறொன்றும் வந்தது. நானூறு என்று காட்டியிருந்தால் இவளை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடியிருப்பேன், இந்த முறை நேரத்துக்குப் போயிருப்பேன், இவளாவது… அப்படியென்றால் அந்த எண்ணைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் சப்பென்று ஆனதே, அது என்ன, இந்தப் பிள்ளைக்கு வந்திருக்க வேண்டும் என்றா நான் காத்திருந்தேன்?