டேரில் தெருவில் போட்ட மேஜை

பக்கத்து வீட்டு டேரிலிடம் ஒரு நாற்காலி இரண்டு கோடையைத் தாண்டினால் அதிசயம். அத்தனையும் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும் மரத்தூள் பலகைச் சாமான். திருகி மாட்ட ஒரு நாள், உப்பி உதிர ஒரு மழைக்காலம். வருஷா வருஷம் பிரிஸ்பேன் மாநகராட்சி லாரி பெரிய குப்பை அள்ள வரும் வாரத்தில், எங்கள் தெருவிலேயே அவன் வாசலில்தான் குவியல் உயரமாக இருக்கும். அவன் பாடு என்று விட்டுவிடுவேன்.

இந்தத் தடவை குவியலோடு குவியலாக அவனுடைய சாப்பாட்டு மேஜையும் நின்றது. அசல் சில்க்கி ஓக் மரம். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவன் தம்பி அதன்மேல் ஏறி ஆட்டம் போட்டபோதுகூட அசையவில்லை, நானே பார்த்தேன். அதைப் போய் வாசலில் போடுகிறானே, பாவி! எனக்கு வயிறு எரிந்தது. கூடவே ஆசையும் வந்தது. என் வீட்டு மேஜை, வறுத்த ஆட்டுத் தொடையை வைத்தாலே நடுவில் தொங்குகிற ரகம்.

வாசலில் போட்டதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் தூக்க இன்னொரு ஆள் வேண்டுமே. என் புருஷன் நெவில் மீன் பிடிக்கப் போயிருந்தான். போன் போட்டேன்.

"உடனே கிளம்பி வா."

"இப்பதான் மீனே கடிக்குது, ரெய்லீன்!"

"நீ வரலேன்னா நான் கடிப்பேன்."

அவன் வந்து சேரும் வரை யாரும் தூக்கிப் போகக் கூடாது. பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு போய், மேஜைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். சற்று நேரத்தில் ஒரு பையன் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தான். கண்ணெல்லாம் மேஜைமேல்தான்.

"நீங்க எந்திரிச்சதும் நான் எடுத்துக்கலாமா?"

"நான் எந்திரிக்கறதுக்குள்ள உனக்குப் பேரன் பேத்தியே பிறந்துடும். போப்பா."

சத்தம் கேட்டு டேரில் வெளியே வந்தான். "என்ன ரெய்லீன், வீட்ல உட்கார நாற்காலி இல்லையா?"

"இருக்கு. எல்லாம் உன்னுது மாதிரிதான். பயமா இருக்கு."

"இந்தக் கட்டையா வேணும்? தாராளமா எடுத்துக்கோ. எனக்குப் புதுசு வருது, வெள்ளையா, வழவழன்னு. இதுக்கு எண்ணெய் தடவி யாரு மாரடிக்கறது?"

இருட்டுவதற்குள் நெவில் மீன் நாற்றத்தோடு வந்து சேர, முக்கி முனகி உள்ளே கொண்டுபோய்விட்டோம்.

மறுநாள் டேரிலின் வெள்ளை மேஜை வந்தது. வீட்டில் ஆளில்லாததால் பெட்டியைத் திறந்தவெளியிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மத்தியானம் அடித்த புயல் மழையில் பெட்டி கூழாகி, மேஜை ரொட்டி மாதிரி உப்பிக் கிடந்தது. சிரிக்கக் கூடாதுதான். சிரித்தேன்.

சனிக்கிழமை டேரில் வேலியோரம் வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"ரெய்லீன், நாளைக்கு ஒரு நாள் மட்டும் அந்த மேஜையைத் தர்றியா? மெர்ல் சாப்பிட வர்றாங்க."

மெர்ல் அவன் மாமியார். அந்த மேஜை, அவர் தன் மகள் கெர்ரிக்குக் கொடுத்த கல்யாணப் பரிசாம்! எனக்குப் பகீரென்றது. அவன் வீட்டுக்குள் போனால் அது திரும்பி வராது.

"மேஜை வராது. நான் விருந்துக்குக் கூப்பிட்டதாச் சொல்லி, மாமியாரைக் கூட்டிட்டு நீ வா. தரை வரைக்கும் விரிப்பு போட்டு மூடிடறேன்."

ஞாயிறன்று மெர்ல், கெர்ரி, டேரில் மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். டேரில் விரிப்பை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி இருந்தான். எனக்கும் சோறு இறங்கவில்லை. 'என் மேஜை' என்று அந்த அம்மாள் உரிமை கொண்டாடிவிட்டால், மறுக்க எனக்கு வாய் வராது. நெவில் மட்டும் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

மெர்ல் டம்ளரை வைத்தார். சத்தத்தைக் கவனிக்கிற மாதிரி எடுத்து மறுபடி வைத்தார். பிறகு விரிப்பைத் தூக்கிக் குனிந்து பார்த்தார்.

"டேரில், இது நான் குடுத்த மேஜை."

"அது... ரிப்பேருக்காக..."

"இதுக்கா? ரிப்பேரா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "வாசல்ல போட்டிருந்தான் மெர்ல். நான் எடுத்துக்கிட்டேன். திருப்பிக் கேட்டுடாதீங்க, கும்பிட்டுக் கேட்டுக்கறேன். இது மேல எனக்கு அவ்வளவு ஆசை."

மெர்ல் என்னையே பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தார். "நானும் அப்படித்தான்மா எடுத்தேன். பேடிங்டன்ல ஒரு பல் டாக்டர் வாசல்ல கிடந்துச்சு."

"அம்மா! கடையில ஆர்டர் குடுத்துச் செஞ்சதுன்னு சொன்னே!" கெர்ரி கத்தினாள்.

"சொன்னேன். உன் புருஷன் ரிப்பேர்னு சொல்லலாம், நான் ஆர்டர்னு சொல்லக் கூடாதா? எடுத்தவளுக்குத்தான் மேஜை. ரெய்லீன், இது உன்னுது."

சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. டேரில் பெருமூச்சு விட்டுக் கரண்டியை எடுத்தான். தப்பித்துவிட்டதாக நினைப்பு.

மெர்ல் அவன் பக்கம் திரும்பினார். "என் காலத்துக்கப்புறம் என் வீட்டுப் பெரிய அலமாரியை உனக்குத் தரலாம்னு இருந்தேன் டேரில். வேண்டாம். நேரா ரெய்லீன் வீட்டுக்கே அனுப்பிடறேன். நடுவுல உன் வாசல்ல கிடந்து நனைய வேண்டாம்."