ஏரிச் செருப்பு

எங்கள் வீட்டில் பறவை என்றால் அது முட்டையிட வேண்டும். மற்றதெல்லாம் வெட்டிக் குருவி. அந்த வெட்டிக் குருவிகளைப் பார்க்கத்தான் நான் வாரம் தவறாமல் மூங்கிலேரிக்குப் போகிறேன். வனத்துறை பலகை நட்டுப் பாதுகாக்கும் ஏரி அது. எங்கள் முட்டைக்கோழிப் பண்ணையிலிருந்து கரட்டுக் குன்றைத் தாண்டினால் வந்துவிடும். என் கணவர் தீனதயாளன் போகாதே என்று சொன்னதில்லை, சட்டம் மட்டும் போட்டிருக்கிறார். ஏரிக்குத் தனிச் செருப்பு. அது பண்ணை கேட்டுக்கு வெளியே வேலியில் தொங்கும். திரும்பி வந்ததும் தலைக்குக் குளிக்க வேண்டும், அன்று முழுக்க ஷெட் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. காட்டு வாத்திடமிருந்து கோழிக்குப் பறவைக் காய்ச்சல் தொற்றிவிடுமாம். நியாயம்தான், நானும் மீறியதில்லை.

பொங்கல் முடிந்த வாரம் அது. பைனாகுலரைக் கண்ணில் வைத்ததும் மனசு நிறைந்துபோனது. நடுத்தண்ணீரில் நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழிக் கூட்டம், அதை ஒட்டி வடக்கிலிருந்து வந்த ஊசிவால் வாத்துகள். அதில் ஒன்று மட்டும் கோரை ஓரத்தில் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கழுத்து முதுகுப் பக்கம் திருகியிருந்தது. அதற்கப்பால் மூன்று வாத்துகள் வயிறு மேலே தெரிய மிதந்தன.

வயலில் அடித்த மருந்தாக இருக்கலாம். காய்ச்சலாகவும் இருக்கலாம். போனில் படம் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து குளித்து, ஈரத்தலையோடு போனை அவரிடம் நீட்டினேன். பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஆருக்காச்சும் அனுப்பிச்சியா?"

"இல்லீங்க. கால்நடை டாக்டருக்குச் சொல்லோணுமுங்க."

"சொல்லி? காய்ச்சல்னு வந்துச்சுன்னா சுத்துப்பட்டுக் கோழியெல்லாம் குழிவெட்டிப் பொதைச்சுப்போடுவாங்க. நம்முளுதுதான் மொதல்ல. அழிச்சுப்போடு."

"நான் சொல்லலீன்னா மட்டும் அது போயிருமாங்க?"

"வேற எவனாச்சும் பாத்துச் சொல்லட்டும் புள்ள. என்ற ஊட்டுல இருந்து போவ வேண்டாம்."

அவர் ஷெட்டுக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. இந்தப் பண்ணை போனால் எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது, அது எனக்கும் தெரியும்.

உட்கார முடியவில்லை. போனை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். ரசம் பொங்கி அடுப்பை அணைத்தது. எங்கள் பறவை பார்க்கும் குழுவை நடத்தும் மஞ்சுளா டீச்சர், "இன்னைக்கு என்னென்ன பார்த்தீங்க?" என்று கேட்டு அனுப்பியிருந்தார். நாமக்கோழி என்று அடித்துவிட்டு அதையும் அழித்தேன். மொட்டை மாடிக்குப் போனேன். கரட்டுக்கு மேல் ஒரு பருந்து வட்டமிட்டு ஏரிப்பக்கம் இறங்கியது. அது எதைத் தின்னப்போகிறது என்று நினைத்ததும் நிற்கப் பிடிக்காமல் இறங்கி வந்தேன். படத்தை அழிக்க விரலைக் கொண்டுபோவதும் எடுப்பதுமாகவே பொழுது போனது.

வெயில் தாழ்ந்தபோது கேட்டுப் பக்கம் தங்கமுத்து அண்ணன் குரல் கேட்டது. ஷெட்டில் தீவனம் போடுகிறவர் அவர், குடும்பத்தோடு பண்ணைக்குள்ளேயே குடியிருக்கிறார். கையில் தீவனச் சாக்கு, அதற்குள் ஏதோ அசைந்தது.

"அம்மிணி, ஏரியில வாத்து சும்மா கெடக்குதுங்க. தொரத்துனாக்கூட ஓட மாட்டீங்குது. ரண்டு புடிச்சாந்தேன். உங்களுக்கு ஒண்ணு தரட்டுங்களா?"

ஷெட்டிலிருந்து என் கணவர் ஓடிவந்தார். "அங்கயே நில்லு! உள்ள வராத!"

தங்கமுத்து அண்ணன் வாசலில் கிருமி போகக் கால் நனைக்கத் தேக்கிய மருந்துத் தண்ணீரில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டார். வனத்துறைக்குப் பயந்து கத்துகிறார் என்று நினைத்திருப்பார் போல.

"ஆரும் பாக்கலீங்க சாமி. முந்தாநேத்தும் ரண்டு புடிச்சாந்து, ஷெட்டுக்குப் பின்னாலதான் வெச்சு உரிச்சோம். ஒண்ணும் ஆகலீங்க."

அவர் பார்வை தங்கமுத்து அண்ணனின் காலுக்குப் போனது. ஷெட்டுக்குள் போட்டு நடக்கும் அதே ரப்பர் செருப்பு. பிறகு வேலியில் தொங்கிய என் ஏரிச் செருப்பைப் பார்த்தார். ஏரிக்குப் போகிறவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை நாளும் நம்பியிருந்தார், பாவம்.

"கொழந்தைகளும் தின்னுச்சா?" என்று கேட்டார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"ஆமாங்க. சின்னவளுக்குத்தான் காத்தால இருந்து ஒடம்பு சுடுதுங்க. பனி ஒத்துக்கலையாட்ட இருக்குது."

என் கணவர் கேட்டுக்குள் கிடந்த தீவன மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். உள்ளே கோழிகள் சாயங்காலத் தீவனத்துக்குக் கத்த ஆரம்பித்தன.

"அழிச்சுட்டியா புள்ள?"

"இல்லீங்க."

தன் போனை என்னிடம் நீட்டினார். "டாக்டரு நம்பரு இதுலதான் இருக்குது. அந்தக் கொழந்தையையும் சேத்துச் சொல்லு. எனக்கு வாய் வராது."

கோழிச் சத்தத்தில் எதுவும் கேட்காமல் ஒரு காதைப் பொத்திக்கொண்டேன். நாலைந்து தடவை அடித்த பிறகு அந்தப் பக்கம் எடுத்து, எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டார்கள். ஏரியின் பெயரைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். எங்கள் பண்ணையின் பெயர்தான் வந்தது.