அடிக்கோடு

பன்னிரண்டு பேர் வந்திருந்தோம். நாலு பேரை எடுப்பார்கள்.

1968 ஜூன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் அப்ரண்டிஸ் தேர்வு. வாசலில் குமாஸ்தா ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தார். என் சீட்டில் ஒன்பது. பின்னால் நின்றவன் எட்டிப் பார்த்தான்.

“டேய், இவன் ஒம்போதுடா.”

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை.

“நம்பர்ல இன்னா கீது? கைல கீது,” என்றான்.

அவன் சீட்டில் ஆறு. பெயர் குணசேகரன், வியாசர்பாடி. தண்டையார்பேட்டையில் அப்பாவு என்பவரின் பட்டறையில் மூன்று வருடம் வேலை பார்த்தவன். நான் லூயிஸ், ராயபுரம். ஐ.டி.ஐ. முடித்து ஒரு வருடம் வீட்டில் இருந்தேன்.

இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் எங்கள் இருவருக்கும் எதிரெதிரே. சதுரத் துளை போட்ட இரும்புத் தகடு ஒன்று, துளைக்குள் உட்கார வேண்டிய சதுரக் கட்டை ஒன்று. இரண்டையும் அரத்தால் ராவிப் பொருத்த வேண்டும். ஜன்னலுக்கு நேரே பிடித்தால் இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. மூன்று மணிக்குள்.

பதினோரு மணிக்கு என் அரத்தில் பிசிறு அடைத்துக்கொண்டு இரும்பில் கீறல் விழுந்தது. குணசேகரன் பார்த்தான். பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து, இரண்டாக உடைத்து, பாதியை என் பக்கம் தள்ளினான்.

“அரத்துல தேச்சிகினு ராவு. மாட்டாது.”

மாட்டவில்லை. ஆனாலும் மூன்று மணிக்கு என் கட்டையின் ஒரு மூலையில் முடி அளவுக்கு வெளிச்சம் இருந்தது.

கடைசியாகத் தகட்டின் மூலையில் அவரவர் நம்பரைப் பஞ்சால் அடித்துப் பதிக்கச் சொன்னார்கள். பஞ்ச் பெட்டியில் ஒன்பதுக்குத் தனி பஞ்ச் கிடையாது. ஆறைத் தலைகீழாகப் பிடித்து அடிக்க வேண்டும். நான் அடித்தபோது சுத்தியல் துள்ளிவிட்டது. ஒன்பதுக்குப் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொரு ஒன்பது விழுந்தது. குணசேகரன் அதே பஞ்சை வாங்கி ஒரே அடி அடித்தான். சுத்தமாக விழுந்தது.

சதுரத் தகட்டுக்கு மேல், கீழ் கிடையாது; திருப்பிப் பிடித்தால் ஆறு ஒன்பது. அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டார்கள். பயிற்சி ஆசிரியர் தாமோதரன் உள்ளே இருந்தார். குணசேகரன் போன வேகத்தில் வெளியே வந்தான்.

“வெளிச்சம் வுடுது மாமு,” என்றான். “நான் பாக்கும்போது வுடல. ஒரு மூலைல வுடுது.”

“கைல குடுத்தாரா?”

“எங்க குடுத்தாரு? ஜன்னல்ல புடிச்சிக் காட்னாரு. போன்னுட்டாரு.”

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு பேர் உள்ளே போய் வந்தார்கள். உண்மையைச் சொல்ல அவ்வளவு நேரம் எனக்கு இருந்தது.

உள்ளே தாமோதரன் ஒரு தகட்டை ஜன்னலுக்கு நேரே பிடித்திருந்தார். இருட்டாக இருந்தது. மூலையில் ஒன்பது. நிழல் இல்லை.

“ஒன்பது. இது உன்னுதாப்பா?”

“ஆமா சார்.”

“நல்ல கை,” என்றார்.

*

வேலையில் சேர்ந்த முதல் வாரம் அந்தத் தகட்டைத் தாமோதரன் வகுப்புக்குக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் காட்டினார்.

“இப்படி இருக்கணும் வேலை. ஒரு தப்பு மட்டும் பண்ணியிருக்கான் நம்ம லூயிஸ். ஆறுக்கும் ஒன்பதுக்கும் அடியில கோடு போடணும். இல்லன்னா எது எதுன்னு எவனுக்குத் தெரியும்?”

ஊசியை எடுத்து ஒன்பதின் அடியில் அவரே ஒரு கோடு கீறினார். பிறகு அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்தார். ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிறவர்களுக்கு அதை எடுத்துக் காட்டினார். நான் அந்த நேரங்களில் ஸ்டோருக்குப் போய்விடுவேன்.

வேலையைக் கற்றுக்கொண்டேன். நன்றாகவே கற்றுக்கொண்டேன். இரண்டாம் வருடம் என் கட்டையிலும் வெளிச்சம் வரவில்லை. அது எதையும் மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு மாதா கோயிலுக்குப் போவேன். நன்மை என்று சாமியார் தரும் அப்பத்தை வாங்க எழுந்திருக்க மாட்டேன். செய்த பாவத்தை அவரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணாமல் வாங்க முடியாது. பண்ணினால் சாமியார் என்ன கேட்பார் என்று தெரியும். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாயா?

“இன்னாத்துக்குடா நன்மைக்கு வர மாட்டேன்ற?” என்றாள் அம்மா சிலுவையம்மாள்.

“டீ குட்சிட்டேன்மா.”

நன்மைக்கு முன் வாயில் எதுவும் படக் கூடாது. அதற்காகவே ஞாயிறுதோறும் கோயில் எதிரே டீ குடித்தேன். அம்மா ஒரு வருடம் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

*

மூன்றாம் வருடம், மார்ச். யார்டில் லாரியிலிருந்து வார்ப்பு இரும்பு இறக்கிக்கொண்டிருந்தார்கள். காண்டிராக்ட் ஆட்கள். தலையில் சும்மாடு கட்டிய ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“இன்னா ஒம்போது. ஷோக்கா கீற.”

குணசேகரன். தோள் அகன்றிருந்தது. கையில் இரண்டு நகம் இல்லை.

“பட்டறைக்குப் போவலயா?” என்றேன்.

“அத்த வுட்டுட்டேன். அன்னிக்கி நான் பாத்தது இருட்டு மாமு. உள்ள போனா வெளிச்சம். அத்தோட என் கண்ண என்னால நம்ப முடியல. ராவிகினே கீறது, பாத்துகினே கீறது, சரியான்னு தெரியாது. நாலு ஜாபு காலி. அப்பாவு அண்ணன் போடான்னுட்டாரு.” சும்மாட்டைச் சரிசெய்துகொண்டான். “இதுல பேஜாரு இல்ல. தூக்கு, வெய்யி. இரும்புக்குக் கண்ணு வேணாம்.”

மேஸ்திரி கத்தினார். போய்விட்டான்.

பதினோரு நாள் நான் யார்டு பக்கம் போகவில்லை. கழிப்பறைக்குக்கூடச் சுற்றுவழியில் போனேன். பன்னிரண்டாம் நாள் அவனே வந்தான். சாப்பாட்டு நேரம்.

“ஒன்னு கேக்கட்டா? அலமாரில உன் ஜாபு வெச்சிகீறாங்களாமே. எனக்கு ஒரு தபா காட்டேன். அது எப்டி கீதுன்னு பாக்கணும். பாத்தா, நான் எங்க வுட்டேன்னு தெரியும்.”

அலமாரிச் சாவி எங்கே தொங்கும் என்று எனக்குத் தெரியும். தகட்டை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தேன்.

முதலில் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். இருட்டு. கட்டையைக் கழற்றி, விரலால் உள்விளிம்பைத் தடவினான். நாலு பக்கமும் தடவினான். விரல் மூன்றாவது பக்கத்தில் நின்றது. மறுபடி தடவினான். பிறகு நம்பரைப் பார்த்தான். தகட்டைத் தலைகீழாகத் திருப்பினான். தாமோதரன் போட்ட கோடு மேலே போனது.

ஆறு.

“கோணையா ஒரு இய்ப்பு இய்த்தேன் இங்க,” என்றான். “அப்பால சரி பண்ணேன்.”

தகட்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான்.

“உன்னான்ட கேட்டாங்களா?”

“கேட்டாங்க.”

“இன்னா சொன்ன?”

“ஆமான்னு.”

“தெரிஞ்சா சொன்ன?”

“தெரிஞ்சிதான்.”

அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தகட்டை மறுபடி வெயிலில் பிடித்தான். வெகுநேரம் பிடித்திருந்தான்.

“துளி கூட வரல,” என்றான். என்னிடம் சொல்லவில்லை.

சங்கு ஊதியது. தகட்டை என் கையில் வைத்தான்.

“ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வா. எங்கம்மா கைல சொல்லு. சேரி அட்ரசு பாத்துதான் கயிச்சாங்கன்னு அது இன்னிவரிக்கும் சொல்லிகினு கீது. இல்லமா, என் கைதான் சரியில்லன்னு மூணு வருசமா சண்ட போட்டுகினு கீறேன் நான்.”

*

அந்த ஞாயிறு டீ குடிக்கவில்லை. கோயிலுக்கும் போகவில்லை.

வியாசர்பாடியில் ஒற்றை அறை. சுவரில் புத்தர் படம் போட்ட காலண்டர். அவன் அம்மா பட்டம்மாள் முறத்தை மடியில் வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நம்பர், பஞ்ச், சாக்பீஸ், வெளிச்சம். அவள் கை நிற்கவில்லை.

“அப்போ அட்ரசு இல்லன்ற.”

“இல்லம்மா. நான்தான்.”

“பாத்தியாமா?” என்றான் குணசேகரன்.

“இரு நைனா.” என்னைப் பார்த்தாள். “உன்னான்ட உன்னுதான்னு கேட்டாங்க. எம் புள்ளயாண்ட கேட்டாங்களா?”

குணசேகரனைப் பார்த்தேன். அவன் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கேக்கல,” என்றேன்.

“ஒரு வார்த்த கேட்டிருந்தா, எங்க குடு, பாக்கறேன்னு சொல்லி இருப்பான். ஏன் கேக்கல?”

எனக்குத் தெரியவில்லை. அந்த அறையில் பதில் தெரியாதவன் நான் ஒருவன்தான் என்று தோன்றியது.

“அந்த சாரு கைல சொல்லுவியா?”

“ஆமா.”

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அதே சொல். அதே குரல். குணசேகரன் திரும்பினான்.

“அன்னிக்கும் இப்டித்தான் சொன்னியா?” என்றான்.

பட்டம்மாள் பொறுக்கிய கற்களை வாசலில் எறிந்துவிட்டு வந்தாள். டீ போடுகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. நான் கிளம்பினேன்.

திங்கட்கிழமை ஏழு மணிச் சங்குக்கு முன்பே அலமாரியைத் திறந்தேன். தகட்டை எடுத்துக்கொண்டு தாமோதரன் அறை வாசலில் நின்றேன். உள்ளே விளக்கு எரிந்தது. பயிற்சி முடிய இன்னும் மூன்று மாதம். அம்மாவிடம் சொல்லவில்லை.

யார்டில் லாரி வந்து நின்றது. ஆட்கள் இறக்கத் தொடங்கினார்கள். குணசேகரன் மட்டும் சும்மாட்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்து நின்றான். மேஸ்திரி அவனைத் திட்டினார். அவன் அசையவில்லை.

நான் கதவைத் தட்டிய பிறகுதான் சும்மாட்டைத் தலையில் வைத்தான்.